ஏட்டிலுமா மேல் கீழ்?

“இதையா படிக்கிறாய்? வெட்கமாக இல்லையா உனக்கு?”

கேட்டவர் வைதிகர் அல்லர். பட்டை தீட்டிய நெற்றியினரும் அல்லர். பகுத்தறிவு பேசுபவர், பெயரின் வாலிலிருந்த சாதிப் பட்டத்தை வெட்டி எறிந்தவர், ‘எல்லோரும் ஓர் நிறை’ என்று மேடையில் முழங்குபவர். கேட்கப்பட்டவனோ விடியலில் வேலைக்குப் போய், சரக்கு மூட்டைகளை ஏற்றி இறக்கி, இரவு எட்டு மணிக்கு முதுகு கடுக்கப் படிப்பகத்தின் மூலையில் வந்து அமர்ந்தவன். அவன் செய்த குற்றம் என்ன? இராசிபலன் பார்த்தானா? சாமியார் படத்துக்குச் சூடம் கொளுத்தினானா? இல்லை, தோழர்களே, இல்லை! அட்டை கிழிந்த துப்பறியும் நாவல் ஒன்றை விரித்தான். அவ்வளவே!

இந்தக் கேள்வி இப்போது திருப்பூரில் எங்கள் படிப்பகத்தின் தீர்மானமாகவும் உருவெடுத்து நிற்கிறது. இடம் போதவில்லையாம். ஆகவே மாத நாவல்களும், துப்பறியும் கதைகளும், நகைச்சுவை ஏடுகளும் அடுக்கியுள்ள இரண்டு தட்டுகளைக் காலிசெய்து, அவற்றை எடைக்குப் போட்டு, வரும் காசில் ‘தரமான’ நூல்கள் வாங்கலாமாம். வரும் ஞாயிறு செயற்குழுவில் முடிவு. முன்மொழிந்தோர் தீயவர் அல்லர். என்னோடு சுவரொட்டி ஒட்டியவர்கள், என்னோடு சிறை கண்டவர்கள். நல்லவர்கள் செய்யும் தவற்றைத்தான் உரத்த குரலில் எடுத்துரைக்க வேண்டியிருக்கிறது. தீயவர் செய்தால் ஊரே அறிந்துவிடும்.

நால்வகை வருணத்தை நகைத்தோம். தலையில் பிறந்தவன் ஒருவன், காலில் பிறந்தவன் ஒருவன் என்று எழுதி வைத்தவனின் கயமையைத் தோலுரித்தோம். தோலுரித்த கையாலேயே இன்று ஏடுகளுக்கு வருணம் வகுக்கிறோம்! தத்துவம் தலையில் பிறந்தது. வரலாறு தோளில் பிறந்தது. சமூக நாவல் தொடையில் பிறந்தது. துப்பறியும் கதையும் காதல் கதையும் காலில் பிறந்தவை. அவற்றைத் தொட்டவன் தீண்டத்தகாதவன். தலையில் பிறந்த ஏட்டைக் கையில் ஏந்தியவனுக்கோ, அதில் ஒரு வரி புரியாவிட்டாலும், தனி நடை, தனிப் பார்வை, தனிச் செருக்கு! இதற்குப் பெயர் பகுத்தறிவா?

குற்றம் சாட்டுகிற நான் குற்றவாளியாகவும் நின்றிருக்கிறேன். அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே செல்ல வேண்டும்.

முப்பது ஆண்டுகளுக்கு முன்பு அதே படிப்பகத்தின் பொறுப்பாளனாக மாலைதோறும் அமர்ந்திருந்தேன். பனியன் கம்பெனி ஒன்றில் பிசிறு வெட்டும் வேலை பார்த்த அம்மையார் ஒருவர் சனிக்கிழமைகளில் வருவார். சேலையிலும் தலைமுடியிலும் வெண்பஞ்சு ஒட்டியிருக்கும். மாத நாவல் ஒன்றை எடுத்துச் செல்வார்; மறுவாரம் கொண்டுவந்து தருவார். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. உலகைத் திருத்தும் பொறுப்பு முழுவதும் என் தோளில்தான் இருந்தது! ஒருநாள் அவர் எடுத்த நாவலை வாங்கி வைத்துக்கொண்டு, “அக்கா, இந்தக் குப்பை எதற்கு?” என்று சொல்லி, பொருளாதார வரலாறு பற்றிய கனத்த நூல் ஒன்றை அவர் கையில் திணித்தேன்.

அவர் சினக்கவில்லை. “தம்பி, பத்து மணி நேரம் நின்னுட்டு வர்றேனுங்க. வீட்டுக்குப் போனா அடுப்பு. அதுக்கப்புறம் இதுல ரெண்டு பக்கம் படிச்சாத்தான் மனசு அடங்கித் தூக்கம் வருதுங்க” என்றார். நானோ உழைப்பாளர் விடுதலை பற்றி அந்த உழைப்பாளருக்கே கால் மணி நேரம் சொற்பொழிவாற்றினேன். வேலை முடிந்து வந்தவர் நின்றபடியே கேட்டார். நான் நாற்காலியில் அமர்ந்திருந்தேன்.

மறுவாரம் நூல் திரும்பி வந்தது. பதினான்காம் பக்கத்தில் பஞ்சுத் துணுக்கு ஒன்று இருந்தது. அதற்கு அப்பால் எந்தப் பக்கமும் புரளவில்லை. அதன்பின் அந்த அம்மையார் படிப்பகத்தின் பக்கமே வரவில்லை. அந்த ஆண்டறிக்கையில் நான் என்ன எழுதினேன் தெரியுமா? ‘மலிவான நூல்களின் வாசிப்பு குறைந்திருக்கிறது’ என்று, பெருமையோடு!

என் கண்ணைத் திறந்தது எந்தக் கனத்த நூலும் அன்று. பதினோரு ஆண்டுகள் கழித்து என் தாயார் நோயுற்றார். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் முப்பத்தாறு நாள் கிடந்தேன். பையில் ‘மூலதனம்’ தமிழாக்கத்தின் ஒரு பாகம் வைத்திருந்தேன். ஒரே பக்கத்தை நான்கு முறை படித்தேன். ஒரு சொல்லும் உள்ளே இறங்கவில்லை. செவிலியர் நடந்து வரும் ஓசையில்தான் என் அறிவு முழுவதும் இருந்தது. பக்கத்துப் படுக்கைக்காரரின் மகன் வைத்துவிட்டுப் போன துப்பறியும் நாவலை நள்ளிரவில் எடுத்தேன். விடியுமுன் முடித்தேன். அன்று பகலில்தான் மருத்துவர் சொன்னவற்றை முதன்முறையாகப் பதறாமல் கேட்டுப் புரிந்துகொண்டேன். தாயார் பிழைக்கவில்லை, அது வேறு. அந்த முப்பத்தாறு நாள் நான் நிலைகுலையாமல் அவர் அருகே நின்றதற்கு அந்தக் ‘குப்பை’தான் கைகொடுத்தது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. சில செய்திகளை ஒருசேர மனத்தில் ஏந்தி, ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் ஆற்றல் ஒன்று நமக்குண்டு. கடினமான நூலுக்கு அந்த ஆற்றல் முழுதும் தேவை. கவலையும் களைப்பும் தூக்கமின்மையும் முதலில் அரிப்பது அதைத்தான். காலொடிந்தவனை மலையேறச் சொல்லிவிட்டு, ஏறாதது அவன் சோம்பல் என்று பழிப்பது எத்தகைய நீதி? ஆனால், இங்கே நாமும் ஏமாந்துவிடக் கூடாது. ஆறு நிமிடம் படித்தால் மன அழுத்தம் 68 விழுக்காடு குறையும் என்றொரு கணக்கு நாடெங்கும் உலவுகிறது. 2009இல் வணிக விளம்பரம் ஒன்றுக்காக நடத்தப்பட்ட சிறு சோதனையின் முடிவு அது. அதைத் தாயத்துப் போல் கழுத்தில் கட்டிக்கொள்ள வேண்டா. களைத்தவனுக்கு எளிய ஏடு வேண்டும் என்பதை மெய்ப்பிக்க அந்தக் கணக்கு தேவையில்லை. களைத்தவனைக் கேட்டாலே போதும்.

“பெரியோர் இப்படிப் படித்ததுண்டா?” என்று எதிர்க்கேள்வி வருகிறது. உண்டு, தோழர்களே. நாம் அன்றாடம் பெயர் சொல்லிப் போற்றும் பெரியோரே படித்ததுண்டு.

உயிர்கள் கடவுளின் ஆறு நாள் வேலையல்ல என்று 1859இல் உலகுக்குக் காட்டியவர் டார்வின். அவர் வாழ்நாளில் பெரும்பகுதி நோயாளி. நாள்தோறும் அவருக்கு நாவல் படித்துக் காட்டுவர் வீட்டார். அவர் சாய்ந்து படுத்துக் கேட்பார். 1876இல் எழுதிய தன்வரலாற்றில் இதை மறைக்கவில்லை. உயர்தரமல்லாத நாவல்களே தமக்குப் பல்லாண்டு ஆறுதல் தந்தன என்கிறார்; நாவலாசிரியர்களை வாழ்த்துகிறார்; துயரமாக முடியும் கதைகளுக்கு எதிராகச் சட்டமே இயற்ற வேண்டும் என்று குறும்பாகச் சொல்கிறார்! கவிதைச் சுவையைத் தாம் இழந்துவிட்டதற்கு வருந்தியவர், கதை கேட்டதற்கு வருந்தவில்லை. எங்கள் செயற்குழு அன்று அவர் வீட்டில் கூடியிருந்தால், ‘ஐயா, இது உமக்குத் தகுமா?’ என்று நாவலைப் பிடுங்கியிருக்கும்.

மார்க்ஸின் மருமகன் லபார்க் எழுதிய நினைவுக் குறிப்புகளைப் பாருங்கள். உழைத்துச் சலித்த மார்க்ஸ் அவ்வப்போது சோபாவில் படுத்து நாவல் படிப்பார். ஒரே காலத்தில் இரண்டு மூன்று நாவல்களை மாற்றி மாற்றிப் படிப்பார். யாருடைய நாவல்கள்? வாள் வீச்சும் வீர சாகசமும் நிறைந்த டூமாவின் கதைகள். வால்டர் ஸ்காட்டின் கதைகள். அக்காலப் பாரிசில் கேலிக்கதை எழுதிய பால் தெ காக்கின் கதைகள்! துயரம் மிகுந்த நாள்களிலோ, மனைவி நோயில் கிடந்த வேளையிலோ, இயற்கணிதத்தில் மூழ்கிவிடுவாராம். நமக்குத் தலைவலி, அவருக்கு அது தைலம். எது எளிது, எது ஆறுதல் என்பது ஆளுக்கு ஆள் வேறு. அதைக் கண்டு சொல்லும் உரிமை அவரவர்க்கே உண்டு. படிப்பகப் பொறுப்பாளருக்கு இல்லை.

இன்னொரு காட்சியையும் காணுங்கள். 1943 டிசம்பரில் துனீசியாவில் சர்ச்சில் நிமோனியாவால் படுக்கையில் விழுந்தார். மகள் சாரா அருகமர்ந்து ஜேன் ஆஸ்டினின் காதல் நாவலைப் படித்துக் காட்டினார். பிரெஞ்சுப் புரட்சியும் நெப்போலியன் போர்களும் எட்டிப்பார்க்காத எத்தனை அமைதியான வாழ்க்கை என்று அவர் வியந்தார். பின்னாளில் தம் போர் வரலாற்றில் அதை எழுதியும் வைத்தார். அதே 1943இல் அவருடைய ஆட்சியின்கீழ் வங்கத்தில் இலட்சக்கணக்கானோர் பசியால் மாண்டனர். அதை மறந்து அவர்மீது இரக்கம் கொள்ள நான் சொல்லவில்லை. நான் கேட்பது வேறு. தலைமை அமைச்சர் போரின் நடுவே காதல் கதை கேட்டால், பெரிய மனிதரின் ஓய்வு என்கிறது உலகம். பிசிறு வெட்டும் பெண் படித்தால் மட்டும் அறியாமையா? செயல் ஒன்று, பெயர் இரண்டு. பெயரை மாற்றுவது ஏடா, ஏந்திய கையின் தகுதியா?

இனிக் கியூபாவுக்கு வாருங்கள். இந்தச் செய்தியில்தான் எனக்குப் பெரும் பற்று.

அவானா நகரின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் தொழிலாளர் வரிசை வரிசையாக அமர்ந்து, காலை முதல் மாலை வரை இலை சுருட்டுவர். கைக்கு வேலை உண்டு; மனத்துக்கு இல்லை. 1865இன் இறுதியில் அவர்கள் ஒரு வழி கண்டனர். ஒருவரை உயர்ந்த இருக்கையில் அமர்த்தி நூல்களை உரக்கப் படிக்கச் செய்தனர். படிப்பவருக்கு முதலாளி கூலி தரவில்லை. தொழிலாளர் தம் கூலியிலிருந்தே காசு திரட்டித் தந்தனர். எந்த நூலைப் படிப்பது என்பதைத் தாமே முடிவு செய்தனர். செய்தித்தாளும் கேட்டனர், அரசியலும் கேட்டனர். உள்ளம் தளர்ந்த வேளைக்கு நாவலும் கேட்டனர். அநியாயமாகச் சிறைப்பட்டவன் தப்பி வந்து பழிதீர்க்கும் டூமாவின் கதை, ‘மாண்டி கிறிஸ்டோ பிரபு’, அவர்களின் செல்லக் கதை. 1935இல் தோன்றிய சுருட்டு வகை ஒன்றுக்கு அந்தப் பெயரே சூட்டப்பட்டது.

பொழுதுபோக்குக் கதைதானே, யாருக்கு என்ன கேடு என்கிறீர்களா? கேடு யாருக்கு என்று ஆண்டோர்க்குத் தெரிந்திருந்தது! 1866இலேயே ஸ்பானிய ஆட்சி, தொழிற்சாலையில் படித்துக் காட்டுவது தொழிலாளரின் கவனத்தைக் கலைக்கிறது என்று தடைவிதித்தது. தடையை மீறி அந்த வழக்கம் பின்னர் மீண்டும் தழைத்தது. கடல் கடந்து அமெரிக்காவின் தாம்பா நகருக்கும் சென்றது. அங்கும் 1931இல் முதலாளிகள் படிப்பவரின் இருக்கையைப் பிடுங்கி எறிந்து, அந்த இடத்தில் வானொலியை வைத்தனர். ஏன்? வானொலி முதலாளி திருப்பிய பக்கம் பாடும்; படிப்பவரோ தொழிலாளர் கேட்டதைப் படிப்பார். அவர்கள் அஞ்சியது இந்தக் கதை அந்தக் கதை என்பதற்காக அன்று. தமக்குப் பிடித்ததைத் தாமே தேர்ந்துகொள்ளும் பழக்கத்துக்கு அஞ்சினர். அண்டையில் மலையாள நாட்டின் கண்ணூரிலும் பீடித் தொழிலாளர் இதைப் போலவே ஒருவரைப் படிக்கச் சொல்லி, அவர் பங்கு பீடியைத் தாம் சுற்றிக் கொடுத்தனர். அந்தத் தொழிலாளர் பகுதிகளில் அரசியல் உணர்வு வளர்ந்ததா, தேய்ந்ததா? வரலாற்றைக் கேளுங்கள்!

துப்பறியும் கதையைப் பகுத்தறிவாளர் பழிப்பதுதான் எனக்கு விளங்காத விந்தை. 1901இல் கானன் டாயில் ஒரு கதை தொடங்கினார்; ‘பாஸ்கர்வில் வேட்டைநாய்’ என்பது பெயர். சதுப்பு நிலத்தில் நெருப்பு கக்கும் பேய் நாய் குடும்பத்தையே அழிக்கிறது என்று ஊரே நடுங்குகிறது. படித்த மருத்துவரும் நடுங்குகிறார். முடிவில் என்ன? பேயுமில்லை, சாபமுமில்லை, சொத்துக்கு ஆசைப்பட்டவன் நாயின் முகத்தில் பாஸ்பரஸ் பூசி ஏவியிருக்கிறான்! பேயை விரட்டப் பூசாரியை அழைக்கவில்லை, தடயத்தை அழைத்தனர். எழுதியவரோ பிற்காலத்தில் ஆவிகளை நம்பி, 1922இல் வனதேவதைகள் உண்டென்று தனி நூலே எழுதினார் என்பது வேடிக்கை. படைத்தவர் நம்பினார், படைக்கப்பட்ட ஷெர்லாக் ஹோம்ஸ் நம்பவில்லை. இன்னும் ஒரு வேடிக்கை: 1929இல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் வகுத்த ரொனால்ட் நாக்ஸ் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். இயற்கைக்கு மீறிய சக்தி எதுவும் கதைக்குள் நுழையக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. கோயிலுக்குள் வைத்துக்கொண்டதைக் கதைக்குள் விடமாட்டேன் என்றார் பாதிரியார்! தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் அருந்திக்கொண்டே மர்மத்தை அவிழ்த்ததைப் படித்து வளர்ந்த எத்தனை பேர், சாமியாரின் விபூதி வித்தையைக் கண்டு ‘இதில் ஏதோ சூது’ என்று சொல்லக் கற்றிருப்பார்கள்!

இலேசான ஏடெல்லாம் நல்ல ஏடு என்று சொல்ல வந்தேனா? இல்லை. எளிமை வேறு, இழிவு வேறு. மனைவியை அறைந்தவனை இறுதிப் பக்கத்தில் அவள் வணங்கும் கதைகள் அந்த இரண்டு தட்டுகளில் உண்டு; அவற்றைக் கண்டிப்போம். இராசிபலன் ஏடும் பரிகார நூலும் படிக்க எளியவைதாம். ஆனால் துப்பறியும் கதை எதையும் நம்பச் சொல்வதில்லை. மூடியதும் ஆளை விட்டுவிடுகிறது. பரிகார நூலோ மூடிய பின்னும் விடுவதில்லை. சனிக்கிழமை எள்விளக்கு, வியாழக்கிழமை கொண்டைக்கடலை மாலை என்று பையைத் துழாவுகிறது. ‘உன் களைப்புக்கு நீயே காரணம், விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்தால் நீயும் கோடீசுவரன்’ என்று தொழிலாளிக்கு உபதேசிக்கும் வெற்றிநூல்களும் அந்த இனமே. வியப்பைப் பாருங்கள்! எடைக்குப் போடும் பட்டியலில் அந்த வெற்றிநூல்கள் இல்லை. கெட்டி அட்டையும் பளபளப்பும் அவற்றைக் காப்பாற்றிவிட்டன.

சிலர் இரக்கத்தோடு, “இருக்கட்டும், எளிய நூல் கனமான நூலுக்குப் படிக்கட்டு” என்று பரிந்து பேசுவர். அந்தப் பரிவும் எனக்கு வேண்டா. ஏறுகிறவர் ஏறட்டும். ஏறாமல் அங்கேயே அமர்ந்து இளைப்பாறுகிறவரிடம் சுங்கம் கேட்பானேன்? எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர ஓய்வு, எட்டு மணி நேரம் எங்கள் விருப்பத்துக்கு என்பதுதான் உலகத் தொழிலாளரின் பழைய முழக்கம். விருப்பத்துக்கு என்றார்கள், தேர்வுக்கு என்று சொல்லவில்லை. அந்த முழக்கத்தின் நாளான மே நாளை 1923இல் சென்னையில் சிங்காரவேலர் கொண்டாடினார். சரியாக நூறாண்டு கழித்து, 2023 ஏப்ரலில், நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நம் சட்டமன்றத்திலேயே நிறைவேறியது! தொழிற்சங்கங்கள் எதிர்த்தன; மே நாளன்று அது திரும்பப் பெறப்பட்டது. சட்டம் போயிற்று, ஆனால் பல கம்பெனிகளில் ‘ஓவர்டைம்’ என்ற பெயரில் பன்னிரண்டு மணி நேரம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. கனமான நூலைப் படிக்க முடியாதபடி அந்தப் பெண்ணின் இரவைத் திருடியவன் யார் என்று கேட்க அஞ்சுகிறோம். எஞ்சிய அரைமணியில் அவள் என்ன படித்தாள் என்று விசாரிக்க மட்டும் வீரம் வந்துவிடுகிறது.

எளிமையைக் கண்டு முகம் சுளிப்பது எவர் குணம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஏட்டைப் பூட்டி வைத்தவனும், புரியாத மொழியில் ஓதியவனும் செய்தது அதுதானே? புரியாமையே பெருமை என்பது அவன் வணிகம். தமிழைப் படிக்க வருகிறவனுக்கு எழுத்துச் சுமையைக் குறைக்க வேண்டும் என்று 1935இல் தம் இதழிலேயே எழுத்தைச் சீர்திருத்திக் காட்டினார் பெரியார். அரசு அதை ஏற்க 1978 ஆயிற்று. எழுத்தையே இலேசாக்கியவரின் வழிவந்தோர், இலேசான ஏட்டை இகழ்வதா?

ஆகவே ஞாயிறன்று நான் எதிர்த்துக் கையுயர்த்துவேன். அந்த இரண்டு தட்டுகளையும் உள்ளறையிலிருந்து எடுத்து வாசலருகே வைக்க வேண்டும். எடுப்பவரை எவரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. இரவு ஒன்பதரை வரை கதவு திறந்திருக்க வேண்டும், ஏனெனில் பெண்களின் ஷிப்டு எட்டரைக்குத்தான் முடிகிறது. இவை என் திருத்தங்கள்.

இடத்துக்கு எங்கே போவது என்பீர்கள். முன்பக்க அலமாரியில் ஒரே மாநாட்டு மலரின் பன்னிரண்டு படிகள் தூசி படிந்து நிற்கின்றன. பதினொன்றை எடைக்குப் போடுங்கள். அடித்தட்டில், நான் எழுதி, நானே அச்சிட்டு, எவரும் வாங்காத ‘உழைப்பும் உபரியும்’ என்னும் சிறு நூலின் நாற்பது படிகள் கட்டுப் பிரிக்காமல் கிடக்கின்றன. அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.